முழு இறுக்கத்தில் நில்!

2007 ஆகஸ்ட் 20. ஜப்பானின் ஒகினாவா தீவில் நஹா விமான நிலையம். தைவானிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானம் ஒரு குறையும் இல்லாமல் தரையிறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் வந்து நின்றது. நின்றதும் தீப்பற்றிக்கொண்டது. உள்ளே 165 பேர். அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்து சாம்பலானது.

விசாரணையில் என்ன தெரியவந்தது? இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு சுருங்கும் பகுதிக்குள் ஒரு போல்டு கழன்று விழுந்திருந்தது. அந்தப் பகுதி உள்ளே இழுக்கப்பட்டபோது, விழுந்த போல்டு எரிபொருள் தொட்டியைக் குத்தித் துளைத்துவிட்டது. போல்டு ஏன் கழன்றது? சில வாரங்களுக்கு முன் நடந்த பராமரிப்பு வேலையில் ஒரு வாஷர் விடுபட்டிருந்தது. ஒரே ஒரு வாஷர்!

தம்பி, தங்கையே, இதைப் படித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதே. கொஞ்சம் நில். யோசி. அந்த வாஷரை மாட்டவேண்டிய கைக்கு விமானம் ஓட்டத் தெரியவேண்டியதில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் பெயரை எந்தப் பயணியும் கேட்டதில்லை. ஆனாலும் விமானியின் இத்தனை வருடப் பயிற்சியும், கோடிக்கணக்கான பணமும், 165 உயிர்களும் அந்தக் கையை நம்பித்தான் வானத்தில் இருந்தன.

ஒரு கை தவறினால் விமானம் எரியும் என்றால், அதே கை சரியாகச் செய்வதால்தான் விமானம் பறக்கிறது! முதல் பாதியை விசாரணைக் குழு வைத்து உலகம் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். இரண்டாம் பாதியை எவரும் வந்து உன்னிடம் சொல்ல மாட்டார்கள். அதை நீயே உனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை.

எழுந்து வா, தேவர்சோலையிலிருந்து!

நீலகிரியில், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை. தேயிலை, காப்பி, மிளகு. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் விடாது. இரவில் யானை வருமோ என்ற பயம். இந்த ஊர்ப் பக்கத்து இளைஞர்களிடம் பேசினால் பெருமூச்சோடு ஒரே பல்லவி: “நாங்க எஸ்டேட் லயத்துப் பசங்க. ஐ.டி.ஐ. படிச்சோம். ஸ்பானர் பிடிக்கிற வேலை. இதுல என்ன பெருசா வந்துடப்போகுது?”

யாரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கிறாய்? உன் ரத்தத்தில் ஓடுவது என்ன என்று தெரியுமா?

1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த லட்சக்கணக்கான தமிழர்களை இரண்டு அரசுகள் எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறினார்கள். இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தார்கள். பெட்டியும் படுக்கையுமாக இந்த மலைக்கு வந்தவர்கள் எத்தனையோ குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலை நட்டது. அது 1976-ல் டான்டீ என்ற கழகமாக நின்றது. பழக்கமில்லாத மண்ணில், அட்டைக்கடியில், கொட்டும் மழையில் காட்டைத் தோட்டமாக்கியவர்கள் உன் பாட்டனும் பாட்டியும்! அவர்கள் யாரிடமும் ‘இதில் என்ன வந்துவிடப்போகிறது’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீ அப்படி வந்த குடும்பம் இல்லையா? காட்டோடு வாழ்ந்த பணியர், குறும்பர் வீட்டுப் பிள்ளையா? வயநாட்டுச் செட்டி வீட்டுப் பிள்ளையா? அப்படியானால் உன் பங்கு இன்னும் மூத்தது. இந்த மலையைத் தாக்குப்பிடித்துக் காட்டியவர்களில் உன் முன்னோர் முதல் வரிசை.

இப்போது வேலைக்கு வருவோம். உன் ஊரிலிருந்து கூடலூர் ஏறி, நடுவட்டம் தாண்டினால் பைக்காரா. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. இன்னும் மேலே போனால், ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஊட்டி ஏரி. இந்தப் பக்கம் இறங்கினால், கூடலூர் மலையில் பிறந்த பாண்டியாறும் புன்னம்புழாவும் சாலியாற்றில் கலந்து பேப்பூரில் கடலைத் தொடுகின்றன. ‘உரு’ என்ற மரக்கப்பல்களைக் கட்டிக் கடலில் இறக்கிய பேப்பூர் அது. உன் மலைத் தண்ணீர் தானாகப் போய்ச் சேரும் இடத்துக்கு உன் தொழில் போய்ச் சேரக் கூடாதா?

உதாரணத்துக்குப் படகு என்ஜினை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். பேருந்தில் கோளாறு என்றால் ஓரம் கட்டலாம். ஏரி நடுவில் ஓரம் ஏது? கடல் நடுவில் ஓரம் ஏது? அங்கே உன் வேலை மட்டும்தான் துணை. ஒரு மனிதன் தன் வேலையை எவ்வளவு மதிக்கிறான் என்பது அங்கே தெரிந்துபோகும்.

ஒரு மணி நேரத்தில் 1,80,000 உதை

படகின் அடியில் என்ஜின் எப்படி நிற்கிறது, பார்த்திருக்கிறாயா? என்ஜினின் இரு பக்கமும் பிராக்கெட்டுகள். ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் கீழே ஒரு ரப்பர் மவுண்டிங். மவுண்டிங்கின் நடுவில் மரை வெட்டிய ஒரு ஸ்டட். பிராக்கெட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழே இருப்பது உயரத்தைத் தீர்மானிக்கிறது. மேலே இருப்பது பிடித்துவைக்கிறது. மவுண்டிங்கின் அடித்தட்டை, படகின் பெட் மேல் வேறு போல்டுகள் பிடிக்கின்றன. படகு எத்தனை கனமானாலும் என்ஜின் நிற்பது இந்தச் சில இடங்களில்தான்.

நாலு சிலிண்டர், நாலு ஸ்டிரோக் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்று வை. சுற்றுக்கு இரண்டு முறை உள்ளே வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000. மணிக்கு 1,80,000. எட்டு மணி நேரம் கடலில் ஓடினால் 14 லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொரு வெடிப்பும் அந்த நட்டை ‘கழன்று போ’ என்று உதைக்கிறது. ஒரு மேல் நட்டு லூசானால் பிராக்கெட் அசையும். பிராக்கெட் அசைந்தால் கியர் பாக்ஸுக்கும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங்கின் நேர்கோடு கெடும். நேர்கோடு கெட்டால் ஷாஃப்ட் உதறும், ஷாஃப்ட் வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்டு தேயும், படகுக்குள் தண்ணீர் வரும். ஒரு நட்டில் தொடங்கியது உயிரில் வந்து நிற்கும்.

சரி, 14 லட்சம் உதை வாங்கியும் ஒரு நட்டு நிற்கிறதே, எந்த பலத்தில் நிற்கிறது? பத்துப் பேரைக் கேட்டுப் பார். ஒன்பது பேர் ‘வாஷர்தான் பிடிக்குது’ என்பார்கள். தவறு! பிடிப்பது போல்டின் இறுக்கம்.

நட்டை இறுக்கும்போது போல்டு நீள்கிறது. ஆமாம், எஃகு நீள்கிறது! 8.8 தரத்து எம்12 போல்டை அதன் தாங்கு சக்தியில் முக்கால் பங்கு வரை இறுக்கினால், பிடிக்குள் இருக்கும் 40 மில்லிமீட்டர் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த நீட்சி, பிராக்கெட்டையும் மவுண்டிங்கையும் ஏறத்தாழ 3.7 டன் விசையோடு சேர்த்து அழுத்துகிறது. ஓவேலிப் பக்கம் வந்து போகும் வளர்ந்த கொம்பன் யானை ஒன்று அந்த நட்டின் மேல் ஏறி நிற்பது போல! அந்த அழுத்தம் இருக்கும் வரை பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. வழுக்காத வரை நட்டு திரும்பாது.

இதுதான் பாடம். வெளியில் எத்தனை உதை விழுகிறது என்பதைக் கணக்குப் பார்த்து ஒரு நட்டு கழல்வதில்லை. உள்ளே இறுக்கம் குறையும்போதுதான் கழல்கிறது. நீயும் அப்படித்தான்! ‘ஊர் சரியில்லை, காலம் சரியில்லை, முதலாளி சரியில்லை’ என்று உதைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாயே, உன் உள் இறுக்கம் எவ்வளவு என்று என்றைக்காவது அளந்தாயா?

இன்னொன்றையும் தெரிந்துகொள். ஸ்பானரில் நீ கொடுக்கும் பலத்தில் பாதி நட்டின் அடியில் உராய்வுக்குப் போகிறது. நாற்பது சதவீதம் போல மரையில் உராய்வுக்குப் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் போல்டை நீட்டுகிறது. பத்துப் பங்கு உழைத்தால் ஒரு பங்கு பலன்! இதைக் கேட்டு மனம் தளர்கிறவன் தளரட்டும். நீ தளராதே. அந்த ஒரு பங்குதான் கொம்பன் பலத்தில் என்ஜினைப் பிடிக்கிறது. உழைத்ததில் பெரும்பகுதி வீணாயிற்று என்று அழுகிறவனுக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லும் பதில் இதுதான்: முறுக்குவதை நிறுத்தாதே, மிச்சம் இருக்கும் ஒரு பங்கு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

பழக்கத்தை நம்பாதே, காரணத்தைக் கேள்!

நம் பட்டறைகளில் கழலாமல் இருக்க என்ன போடுகிறார்கள்? ஸ்பிரிங் வாஷர். வெட்டிய வளையம், ஒரு முனை தூக்கி நிற்கும். சைக்கிள் கடை முதல் தேயிலை ஃபேக்டரி சலிப்பு மெஷின் வரை அதுதான். ‘ஸ்பிரிங் வாஷர் போட்டுட்டேன், இனி ஆண்டவன் பார்த்துக்குவான்!’

ஆண்டவன் பார்ப்பதற்கு முன் ஒரு ஜெர்மானியப் பொறியாளர் பார்த்தார். பெயர் கெர்ஹார்ட் யுங்கர். போல்டு போட்ட இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் இடமும் வலமுமாக ஆட்டும் ஒரு சோதனை இயந்திரத்தை வைத்து, நட்டு எப்படிக் கழல்கிறது என்று ஆராய்ந்து 1969-ல் எழுதினார். மேலும் கீழுமான அதிர்வைவிடப் பக்கவாட்டு ஆட்டம்தான் நட்டுக்கு எமன் என்று நிறுவினார். தகடு பக்கவாட்டில் வழுக்கும் நொடியில் மரைக்குள் உராய்வு செத்துவிடுகிறது. மரை என்பது சுற்றி ஏறும் சரிவு. எம்12 போல்டில் அந்தச் சரிவு ஏறத்தாழ 3 டிகிரி. உராய்வு செத்ததும், நட்டு அந்தச் சரிவில் தானாக இறங்குகிறது. இன்றைக்கும் உலகம் முழுவதும் பூட்டு வாஷர்களை அந்தச் சோதனையில் ஏற்றித்தான் தரம் பார்க்கிறார்கள்.

அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் நிற்பதில்லை. 1990-ல் நாசா வெளியிட்ட போல்டு–நட்டு வடிவமைப்புக் கையேடு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: போல்டு முழுதாக இறுகும்போது ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிடுகிறது, அதற்குப் பிறகு அது சாதாரண வாஷர்தான், பூட்டுவதற்கு அது உதவாது. கொம்பன் பலத்தில் அழுத்தும் இடத்தில் அந்தச் சின்ன வளையத்தின் எதிர்ப்பு எந்த மூலைக்கு?

திடுக்கிடுகிறதா? தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்ததாயிற்றே! இங்கேதான் நீ யார் என்பது முடிவாகிறது. ‘மேஸ்திரி சொன்னார், போட்டேன்’ என்பவன் ஒருவன். ‘மேஸ்திரி, இது ஏன் இங்கே?’ என்று பணிவோடு, ஆனால் விடாமல் கேட்பவன் ஒருவன். முதலாமவனுக்குச் சம்பளம் கிடைக்கும். இரண்டாமவனுக்குத் தொழில் கிடைக்கும்!

உன் மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு இருந்தார். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து ‘இது எப்படி ஓடுகிறது?’ என்ற கேள்வியில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. 1920-ல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொடங்கினார். 1937-ல் கோவையில் மின்மோட்டார் செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். அவரைத் தூக்கிவிட்டது சிபாரிசுக் கடிதமா? ஒவ்வொரு இயந்திரத்தையும் பிரித்துப் போட்டுக் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்வி!

வயது போய்விட்டது என்கிறாயா? போல்டு மரையில் சொட்டு விட்டால் காற்றில்லாத இடத்தில் கெட்டியாகும் பசை இருக்கிறதே, லாக்டைட், அதை 1953-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள். அப்போது அவர் வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. நீ இருபத்திரண்டில் ‘இனிமேல் என்ன’ என்கிறாய்!

மனிதர்களிலும் ஸ்பிரிங் வாஷர்கள் உண்டு. சுவரில் ஒட்டிய வீர வசனம், காலையில் வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழி, ‘மாமா பெரிய இடத்தில் இருக்கார்’ என்ற நினைப்பு. இவை எல்லாம் வேலை தொடங்கும் முன் விறைப்பாகத் தூக்கி நிற்கும். நிஜமான பாரம் ஏறியதும் தட்டையாகிவிடும். பாரம் ஏறிய பிறகும் பிடித்து நிற்பது, நீ உள்ளே சேர்த்துவைத்த அறிவும் பயிற்சியும் மட்டும்தான். கைதட்டல் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. யுங்கரின் சோதனை மேசை மனிதனுக்கும் வைக்கப்படும். அதற்குப் பெயர் வாழ்க்கை.

இடம் அறிந்து தேர்ந்தெடு

ஸ்பிரிங் வாஷர் வேண்டாம் என்றால் வேறு எது? எல்லா இடத்துக்கும் ஒன்றே என்கிறவன் தொழில் தெரியாதவன். இடம் அறிந்து போடுகிறவனே தொழிலாளி.

இரும்பின் மேல் இரும்பு உட்காரும் இடமா? ஆப்பு வாஷர் ஜோடி போடு. சுவீடனின் நார்ட்-லாக் நிறுவனத்தால் பேர் பெற்றது அது. இரண்டு வளையங்கள். வெளி முகங்களில் பல். ஒன்றையொன்று பார்க்கும் உள் முகங்களில் சரிவான படிகள். அந்தப் படியின் சரிவு, மரையின் 3 டிகிரியைவிட அதிகம். அதனால் நட்டு கழலத் திரும்பினால் படி ஏறியாக வேண்டும். படி ஏறினால் போல்டு இன்னும் நீளும். நீண்டால் இறுக்கம் கூடும்! கழற்றப் பார்க்கிற சக்தியையே இறுக்கமாக மாற்றும் வேலை அது. உன்னைக் கீழே தள்ளப் பார்க்கிறவர்களை என்ன செய்வது என்று இனி யாரிடமும் யோசனை கேட்காதே.

ஆனால் ஆப்பு வாஷருக்கும் நிபந்தனை உண்டு. சரிவுள்ள முகங்கள் இரண்டும் உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பயனில்லை. அதன் பல் கடித்துப் பிடிக்க வேண்டும். ஆகவே அதற்கு அடியில் சுழலும் சாதா வாஷர் கூடாது. மரம், ஃபைபர் மேல் நேராகப் போட்டாலும் வேலைக்கு ஆகாது.

மர பெட், ஃபைபர் பெட் ஆகியவற்றில் முதல் கவலை வேறு. அங்கே பரப்பு நசுங்கும். நசுங்கினால் இறுக்கம் தானாகப் போய்விடும். அகலமும் கனமும் உள்ள தட்டை வாஷரோ இரும்புத் தகடோ போட்டுப் பாரத்தைப் பரப்பு. பூட்டை நட்டில் வை.

நைலான் வளையம் வைத்த நட்டு நல்லதுதான். இறுக்கம் குறைந்தாலும் நட்டு உதிர்ந்து விழாமல் அது காப்பாற்றும். ஆனால் குறைந்த இறுக்கத்தை அது மீட்டுத் தராது. ஏறத்தாழ 120 டிகிரி வெப்பம்தான் அதன் எல்லை. புகைபோக்கிப் பக்கம் வைக்காதே. கழற்றிய நட்டு விரலாலேயே சுழன்று ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது. எறி! ‘இன்னும் ஒரு தடவை போடலாம்’ என்று பையில் போட்டுக்கொள்ளும் கஞ்சத்தனத்தில்தான் பல படகுகள் பழுதாகின்றன.

இரட்டை நட்டு போடுவாயா? தடிமன் குறைந்த நட்டைக் கீழே போடு, தடித்ததை மேலே போடு. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகப் போடுகிறார்கள். கடைசியில் பாரம் தாங்குவது மேல் நட்டு. அது தடித்ததாகத்தானே இருக்க வேண்டும்?

பசை ஊற்றுகிறாயா? மரையில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அது சரியாகப் பிடிக்காது. துடைத்துக் காயவிட்டு ஊற்று. நாளை கழற்ற வேண்டிய இடத்தில் நடுத்தர வலுவுள்ளதை எடு. நட்சத்திரப் பல் வாஷரை மின்சார எர்த் இணைப்புக்கு வைத்துக்கொள். என்ஜினைத் தாங்கும் வேலையை அதன் தலையில் கட்டாதே. கடல் படகு என்றால் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு. அதன் மரைகள் இறுக்கும்போது ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் குணமுள்ளவை. அதற்கான மசகுப் பசை தடவி, நிதானமாகச் சுற்று.

பொருத்து, நெஞ்சு நிமிர்த்தி!

தேர்ந்தெடுத்துவிட்டாய். இப்போது கை பேசட்டும்.

முதலில் மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய். வாஷர் உட்காரும் இடத்தில் கனமான பெயின்ட் இருந்தால் சுரண்டு. ‘அதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க?’ என்ற குரல் காதில் கேட்கும். அந்தக் குரல்தான் உன் முதல் எதிரி! பெயின்டின் மேல் இறுக்கினால், என்ஜின் அதிர அதிரப் பெயின்ட் நசுங்கும். உன் போல்டு நீண்டதே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெயின்ட் அதில் பாதி நசுங்கினாலே பாதி இறுக்கம் காணாமல் போகும். யாரும் பார்க்காத இடத்தில் நீ செய்த ஏமாற்று, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெளியே வரும்.

நட்டைக் கையால் தொடங்கு. இரண்டு மூன்று மரை கையால் ஏறட்டும். முரண்டு பிடித்தால் ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டாதே. மரை குறுக்கே ஏறியிருக்கிறது, கழற்று, திரும்பப் போடு. எல்லா நட்டையும் ஒரே மூச்சில் இறுக்காதே. எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கு.

இறுக்கும் முன் நேர்கோடு பார். படகைக் கரையில் வைத்துப் பார்த்தது செல்லாது. தண்ணீரில் மிதக்கும்போது படகின் உடல் கொஞ்சம் வடிவம் மாறும். மிதக்கவிட்டுப் பார். கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு நடுவில் மேல், கீழ், இடம், வலம் என நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் விடு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கீழ் நட்டால் உயரம் திருத்து. திருத்திய பிறகு மேல் நட்டைப் பூட்டு. நேர்கோடு பார்க்காமல் பூட்டிய பூட்டு, கோணலை அல்லவா பூட்டி வைக்கிறது? இலக்கு கோணலாக இருக்கும்போது காட்டும் விடாமுயற்சியும் அதே கதைதான்.

பிறகு டார்க் ரென்ச். ‘என் கையே டார்க் ரென்ச்’ என்று மார் தட்டும் அண்ணன்களை நான் மதிக்கிறேன். ஆனால் காலையில் தெம்பாக இருக்கும் கையும், மாலையில் மழையில் நனைந்து நடுங்கும் கையும் ஒரே பலம் கொடுக்காது. உலர்ந்த மரையுள்ள 8.8 தரத்து எம்12 போல்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் அளவில் வரும். எண்ணெய் இட்ட மரைக்கு அது அதிகம், குறைக்க வேண்டும். ரப்பர் மவுண்டிங்கின் ஸ்டடுக்குத் தயாரிப்பாளர் தன் புத்தகத்தில் எண் கொடுத்திருப்பார். அந்த எண்தான் சட்டம். அளந்து இறுக்குவது கைக்கு அவமானம் இல்லை. அளக்க மறுப்பதுதான் அகங்காரம். அகங்காரத்தைத் தன்னம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். தன்னம்பிக்கை உள்ளவன் தன்னைச் சோதித்துக்கொள்ள அஞ்ச மாட்டான்!

முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்டால் ஒரு நேர்கோடு இழு. நட்டு இம்மி திரும்பினாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அது படகோட்டிக்கு நீ எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி: ‘இது என் வேலை. தவறினால் என்னைக் கேள்.’ தன் வேலையின் மேல் இப்படிக் கோடு போடத் துணிந்தவன் எந்த ஊர்ப் பட்டறையிலும் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. கோவையோ கொச்சியோ துபாயோ, போகிற இடத்தில் ‘எங்கே படித்தாய்?’ என்று ஒரு முறைதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு உன் கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

மறுபடியும் இறுக்கு!

வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதே. புதிதாக இறுக்கிய எந்த இணைப்பும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமரும். பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் நசுங்கும். ரப்பர் படியும். சில மணி நேரம் ஓட்டியபின், என்ஜின் ஆறியதும், கோட்டைப் பார், நேர்கோட்டை மறுபடி அளந்து பார், டார்க் ரென்சை மறுபடி வை. முதல் முறை இறுக்கியதில் குறை இருந்ததால் இதைச் செய்வதில்லை. நன்றாக இறுக்கியதும் அமரும் என்பது இயற்கை.

ஒரு கூட்டத்துக்குப் போய் நாடி நரம்பெல்லாம் முறுக்கேறி வருகிறாய். பத்து நாளில் பழையபடி ஆகிறாய். ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறாய். யார் கொடுத்த அதிகாரம் அது? உறுதி இல்லாமல் போகவில்லை, அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி இறுக்கு! தேர்வில் தோற்றாயா? எங்கே வழுக்கியது என்று பார், இறுக்கு. வேலை போயிற்றா? என்ன கற்றுக்கொள்ளாமல் விட்டாய் என்று பார், இறுக்கு. நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறியதா? தினம் அரை மணி நேரம் ஒதுக்கு, இறுக்கு. மறுபடி இறுக்குவதை அவமானமாக நினைத்தவன் ஒரு படகையும் கரை சேர்த்ததில்லை.

அச்சாணியைப் புகழ்ந்து வள்ளுவர் பாடிய குறளை மேடைதோறும் சொல்கிறோம். உருவம் சின்னது என்று இகழாதே என்று உலகத்துக்குப் புத்தி சொல்கிறோம். அந்தப் புத்தி உலகத்துக்கு மட்டும் போதாது. முதலில் அச்சாணிக்குத் தெரிய வேண்டும், தேர் தன்னால் ஓடுகிறது என்று! தன்னைத் தானே இகழும் அச்சாணியை எந்தக் குறள் வந்து காப்பாற்றும்?

தேவர்சோலையின் பிள்ளையே, உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாளை காலை வேலைக்குப் போகிறாய். அது படகு என்ஜினாக இருக்கலாம். தேயிலை ஃபேக்டரியின் சி.டி.சி. மெஷினாக இருக்கலாம்; பக்கத்து வீட்டு மோட்டார் பம்பாக இருக்கலாம். ஸ்பானரைத் தொடும் முன் ஒரு கேள்வி கேள்: இது ஏன் இங்கே? பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேள், புத்தகத்தைப் புரட்டு, கண்டுபிடி. பிறகு இறுக்கு, அளந்து பார், கோடு போடு. வெறும் வசனத்தை நம்பி வாழ்ந்த காலம் முடியட்டும். நம்புவதற்கு உன் கையில் ஒரு தொழில் இருக்கிறது. அதை முழுதாகக் கற்றுக்கொள். முழு இறுக்கத்தில் நில். உன்னை யாராலும் கழற்ற முடியாது!